சுவருக்குள் நாற்பது சல்லடை

மோகனப்பிரியா தோளைக் கொடுத்துத் தகட்டைத் தாங்கிக்கொண்டு நின்றாள். ஒரு கை தகட்டின் விளிம்பில், இன்னொரு கையில் போன். அன்றைக்கு அமாவாசை. மேனாம்பேட்டில் அவள் அப்பா ஜம்புலிங்கம் நடத்திய மாவு மில் மாதத்தில் அந்த ஒரு நாள்தான் ஓடாது. சுவர் வேலைக்காக அவர் அந்த நாளைப் பிடித்து வைத்திருந்தார். அவளுக்கு அது வேலை நாள். வீட்டிலிருந்து பார்க்கிறேன் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

தகடு என்றால் கடையில் வாங்கிய தகடு அல்ல. மில் மெஷின்களுக்குள் மாட்டித் தேய்ந்து ஓய்ந்த நாற்பது ஓட்டைத் தகட்டுச் சல்லடைகள். வளைந்திருந்தவற்றைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, கட்டுக்கம்பியால் ஒன்றோடொன்று தைத்து, ஆள் உயரத்துக்கும் மேலாக நான்கு துண்டுகள் செய்திருந்தார். கிழக்குச் சுவருக்கு முன்னால் அவற்றை நிறுத்தி, அதற்கும் முன்னால் சிமென்ட் போர்டு அடித்து மூட வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு. மில்லின் சத்தம் அங்கே போகக் கூடாது. போனால் மில்லைப் பூட்டிவிடுவார்கள்.

“கொஞ்சம் மேல தூக்கு. இன்னும். ஆங், அப்டியே நில்லு.”

ஜம்புலிங்கம் சுவரில் துளை போட்டார். செங்கல் தூள் அவர் புருவத்தில் படிந்தது.

“அந்த போல்ட்டு டப்பாவ இப்டி தள்ளு.”

கை இரண்டும் மாட்டியிருந்ததால் அவள் காலால் தள்ளினாள். டப்பாவில் ஆறு அங்குல போல்ட்டுகள் கிடந்தன. இவ்வளவு நீளம் எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் போனில் மேலாளர் அவள் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டார். பதில் சொன்னாள். தோன்றியது போய்விட்டது.

நான்காவது துண்டும் ஏறியபின் அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, தகட்டை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டிப் பார்த்தார். ஆடவில்லை. மறுபடி ஸ்பேனரை எடுத்து ஒவ்வொன்றையும் இன்னொரு சுற்று முறுக்கினார்.

“போர்டு நாளைக்கு நான் அடிச்சுக்கறேன். சாப்டுட்டுப் போ.”

“இல்ல நைனா. மூணு மணிக்கு லேப்ல இருக்கணும்.”

அவர் சரி என்று கையை ஆட்டினார். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அதற்குப் பதினோராம் நாள் ஜம்புலிங்கம் இறந்துபோனார்.

*

அவர் வெள்ளானூர்க்காரர். நிலம் வைத்திருந்த குடும்பத்தில் மூன்றாவது பிள்ளை. நிலம் மனைகளாகிக் கைமாறியபோது அண்ணன்மார் இருவரும் வருத்தப்பட்டார்கள். அவர் வருத்தப்படவில்லை. சேற்றில் கால் வைப்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் பத்து வருடம் ஃபிட்டராக இருந்தார். அது மூடியபோது, தொண்ணூற்று நாலில், மேனாம்பேட்டில் நின்றுபோயிருந்த ஒரு மாவு மில்லை எடுத்து ஓட வைத்தார். கோதுமைக்கு ஒரு மெஷின், மிளகாய் மல்லிக்கு ஒன்று, ஈர அரிசிக்கு ஒன்று. மனைவி சாமுண்டீஸ்வரி வாசலில் டப்பாக்களை வாங்கி வரிசை வைப்பாள். நாகம்மா மெஷினில் கொட்டுவாள். நாகம்மா வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது.

மில்லுக்குள் யாரும் வாயால் பேசுவதில்லை. பேசினாலும் கேட்காது. கட்டைவிரலை ஆள்காட்டி விரலில் தேய்த்துக் காட்டினால் நைசாக வேண்டும் என்று பொருள். ஐந்து விரலையும் விரித்து உலுக்கினால் குருணையாக. உள்ளங்கையைக் கவிழ்த்தால் போதும், நிறுத்து. மிளகாய் காரம் கூடுதல் என்றால் மூக்கைத் தொட்டுக் காட்டுவார்கள். தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களும் இரண்டாம் தடவை மில்லுக்கு வரும்போது கையால் பேசப் பழகியிருப்பார்கள். ஜம்புலிங்கத்துக்கு வீட்டுக்கு வந்த பிறகும் பாதிப் பேச்சு கையால்தான். சோறு போதும் என்பதற்கும் உள்ளங்கைதான் கவிழும். மோகனப்பிரியா அதைத் தொழில் பழக்கம் என்று நினைத்தே வளர்ந்தாள்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எதையும் தளர்வாக விடமாட்டார். நாகம்மா சேர்ந்த மூன்றாம் வருடம், ஓடிக்கொண்டிருந்த மிளகாய் மெஷினுக்குள் சல்லடையின் போல்ட் ஒன்று தளர்ந்தது. தகடு கழன்று, மூடியைப் பிளந்துகொண்டு வெளியே வந்து, நாகம்மாவின் கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கிழித்தது. அந்த போல்ட்டை மாட்டியவர் ஜம்புலிங்கம். அன்றிலிருந்து எந்தத் தகட்டை மாட்டினாலும் முறுக்குவார், உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பார், மறுபடி ஒரு சுற்று முறுக்குவார். நாகம்மாவே அதைக் கேலி செய்வாள். “எங்க அண்ணாத்தே ஊட்டுக் கொழாயக்கூட ஸ்பேனர் போட்டுத்தான் மூடுவாரு.”

துளை அகன்றுவிட்டால் சல்லடையை மாற்ற வேண்டும். கழற்றியதை அவர் பழைய இரும்புக்குப் போடமாட்டார். ஆணியில் மாட்டிவைப்பார். “எதுக்காவது ஆவும்” என்பார். முப்பது வருடமாக எதற்கும் ஆகவில்லை.

*

மில்லுக்குக் கிழக்கே காலியாகக் கிடந்த மனையில் மூன்று மாடி எழும்பியது. கட்டியவர்கள் இடம் விடாமல் மில் சுவரை ஒட்டியே தங்கள் சுவரையும் எழுப்பினார்கள். தரைத்தளத்தில் லாவண்யாவும் அவள் கணவன் அசோக்கும் குடிவந்தார்கள். ஈரோட்டுப் பக்கம். இருவரும் கணினி வேலை. கைக்குழந்தை ஒன்று. அவர்கள் படுக்கையறைக்கும் மிளகாய் மெஷினுக்கும் நடுவில் இரண்டு சுவரும் சேர்த்து ஒன்பது அங்குலம் செங்கல். தெரு வழியாகப் போனால் முனை திரும்பி நானூறு அடி.

லாவண்யா முதலில் நேரில்தான் வந்தாள். குழந்தை தோளில் இருந்தது.

“அங்கிள், பகல்ல பாப்பா கண்ணே மூட மாட்டேங்குதுங்க. அடுத்த மாசம் நான் வேலைக்குச் சேரணும். நானும் தூங்கி மூணு மாசமாச்சுங்க.”

ஜம்புலிங்கம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “மில்லுன்னா சத்தம் போடத்தானம்மா செய்யும்? உங்களுக்கு முன்னாலயே நாங்க இங்க கீறோம்.”

“இருக்கீங்க. நாங்க இனிமே எங்கேங்க போறது?”

இரண்டு வாரத்தில் மாநகராட்சி மண்டல அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. சத்தத்தை நிறுத்த வேண்டும். நின்றுவிட்டது என்று புகார் கொடுத்தவர் கைப்பட எழுதித் தர வேண்டும். அறுபது நாளுக்குள் அந்தக் கடிதம் வராவிட்டால் மில்லுக்குப் பூட்டு.

“அந்தப் பொண்ணா எழுதிப் போட்டா?” என்று சாமுண்டீஸ்வரி கேட்டாள்.

“வேற யாரு?”

“புள்ள பெத்த ஒடம்பு. அதுவும் இன்னாதான் பண்ணும்?”

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கப் போனார்.

மகளிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பூந்தமல்லியைத் தாண்டி ஒரு கார் நிறுவனத்தின் சோதனைக்கூடத்தில் மோகனப்பிரியாவுக்கு வேலை. காருக்குள் கேட்கும் சத்தம் எங்கிருந்து வருகிறது, எதைக்கொண்டு அடக்கலாம் என்று பார்ப்பதுதான் அந்த வேலை. ஜம்புலிங்கம் ஆளை வைத்துச் சுவருக்கு ஓர் அங்குலம் தள்ளி சிமென்ட் போர்டு அடித்து முடித்த பிறகுதான் அவளுக்கே தெரியும். போனில் அழைத்தாள். அவர் எப்போதும்போல் ‘சிக்னல் இல்ல’ என்று போனை நாகம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

“நாகம்மாக்கா, ஒரு இஞ்ச் பத்தாது. நடுவுல இருக்கற காத்து ஸ்பிரிங் மாதிரி. இடம் கம்மியா விட்டா ஸ்பிரிங் விறைப்பாயிடும். மோட்டார் எந்த வேகத்துல முனகுதோ அதே வேகத்துல போர்டும் ஆட ஆரம்பிச்சுடும். கீச்சு சத்தம் நிக்கும், அந்த முனகல் இன்னும் ஏறும்.”

நாகம்மா அவரிடம் கையால் எதையோ சொல்கிறாள் என்பது போனில் விழுந்த இடைவெளியிலேயே தெரிந்தது. பிறகு சிரித்தாள். “ஸ்பிரிங்கு எந்தக் கடையில கெடைக்கும்னு கேக்கறாரு பாப்பா.”

லாவண்யா சொன்னதும் அதுதான். கீச்சு சத்தம் இல்லை, முனகல் கூடிவிட்டது. ஜம்புலிங்கம் போர்டைப் பிரித்தார். அடுத்து, பக்கத்து ஓட்டலிலிருந்து முட்டை அட்டைகளைக் கொண்டுவந்து சுவர் முழுக்க ஒட்டினார். யாரோ சொன்னார்கள். அதில் எதுவும் நடக்கவில்லை. “இனிமே கோழி மட்டுந்தான் பாக்கி” என்றாள் நாகம்மா.

அந்த நாட்களில்தான் லாவண்யா ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். மல்லி இரண்டு கிலோ, மிளகாய் ஒரு கிலோ. புகார் கொடுத்தவள் தன் வீட்டுக்கு அரைக்கக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. ஜம்புலிங்கம் பையை வாங்கி ஆணியில் மாட்டினார்.

“இப்ப அரைக்க மாட்டேன். சுவரு முடியட்டும். நானே அரைச்சு எடுத்துகினு வரேன். அப்டியே உங்க ரூம்ல ஒரு தபா நின்னு கேட்டுப் பாக்கறேன்.”

மெஷின் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டு தொங்கும். செய்ய வேண்டியவற்றை அதில் எழுதி, செய்ததும் அடிப்பார். அதில் எழுதிக்கொண்டார்: லாவண்யா – மல்லி, மிளகாய். நானே போவணும். நின்னு கேக்கணும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மோகனப்பிரியா வந்து அட்டைகளைப் பார்த்தாள். ஒரு தாளில் இரண்டு கோடு போட்டு நடுவில் புள்ளி புள்ளியாக இன்னொரு கோடு போட்டாள்.

“நாலு இஞ்ச் விட்டுப் போர்டு அடிங்க. தரையையும் மேல இருக்கற கம்பியையும் மட்டும் புடிச்சு நிக்கட்டும். நடுவுல ஓட்டை போட்ட தகடு, அதுக்கு ரெண்டு பக்கமும் கிளாஸ் வூல் பஞ்சு. சத்தம் வந்தா உள்ள இருக்கற காத்து அந்த ஓட்டை வழியா போய் வந்து, போய் வந்து, களைச்சுப் போயிடும். முனகல் அங்கேயே அடங்கும்.”

அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு ஆணியில் தொங்கியவற்றைக் காட்டினார். “ஓட்ட போட்ட தகடா? முப்பது வருசத்து ஓட்ட நம்மகிட்ட கீது.”

அவள் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ரவைக்கு ஒரு துளை, மிளகாய்க்கு ஒரு துளை, கோதுமைக்கு ஊசி முனை. தேய்ந்ததால் ஒரே தகட்டிலேயே பல அளவு. ஒவ்வொரு அளவும் ஒவ்வொரு சுருதியைப் பிடிக்கும். அவள் சோதனைக்கூடத்தில் இப்படிக் கேட்டால் செய்து தர மாட்டார்கள்.

“இதுவே போதும் நைனா. ஆனா ஒண்ணு. தகடு சுவத்தையும் தொடக் கூடாது, போர்டையும் தொடக் கூடாது.” தாளிலும் எழுதினாள்: தொடக் கூடாது.

“பின்ன எப்டி நிக்கும்? அந்தரத்துலயா?”

“தொங்க விடணும். ரப்பர் போட்டு...”

போன் வந்தது. வாசலுக்குப் போய்ப் பேசினாள். பேசி முடித்தபோது பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

அடுத்த அமாவாசைக்கு அவர் ஆறு அங்குல போல்ட்டுகளை வாங்கி வைத்திருந்தார்.

*

இறந்தது மதியம் மூன்று மணிக்கு. மிளகாய் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கிழக்குச் சுவரோரம் முக்காலியில் உட்கார்ந்து, புதுப் போர்டின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். “தொட்டுப் பாத்துகினு கீறாருன்னு நெனச்சேன்” என்றாள் நாகம்மா, வந்தவர்கள் எல்லோரிடமும். “அரை மணி நேரம் அப்டியே வுட்டுட்டேன்.”

பதினாறாம் நாள் முடிந்து உறவுக்காரர்கள் வெள்ளானூருக்குத் திரும்பினார்கள். சாமுண்டீஸ்வரி வீட்டைக் கழுவிவிட்டாள். பிறகு மகள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“மில்லு ஓடுமா ஓடாதா? அத்த மட்டும் சொல்லு.”

“நீங்க எதுக்கும்மா இனிமே... என்கூட வந்து இருக்கலாம்.”

“வந்து? உன் ஊட்டு ஃபேன பாத்துகினு உக்காந்துருக்கறதா? நானும் நாகம்மாவும் ஓட்டிக்குவோம். அது ஓடுனாத்தான் எனக்குப் பொழுது விடியும்.”

தாளில் சொன்ன அறுபது நாளில் இன்னும் ஒன்பது நாள் இருந்தது. மோகனப்பிரியா சோதனைக்கூடத்திலிருந்து சத்தமானியை எடுத்துவந்தாள். அதை எடுத்து வந்து சுவரை ஒரு தடவை அளந்து பார் என்று அப்பா கடைசிச் சில வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எடுத்துவர ஓர் அனுமதிக் கடிதம் வேண்டும். அதை எழுதப் பத்து நிமிடம் ஆனது.

தெரு முனையைச் சுற்றிக்கொண்டு லாவண்யா வீட்டுக்குப் போனாள். லாவண்யா அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், படுக்கையறைக் கதவைத் திறந்து காட்டினாள். மில்லில் நாகம்மா மெஷினைப் போட்டாள். மானியில் எண்கள் ஏறவில்லை; சட்டம் சொல்லும் அளவுக்கு உள்ளேயே இருந்தன. ஆனால் பாதத்தில் முனகல் தெரிந்தது. சுவரை ஒட்டி நின்ற அலமாரிக் கதவின் இடுக்கில் தாளை நாலாக மடித்துச் செருகியிருந்தாள் லாவண்யா. எடுத்துக் காட்டினாள். கதவிலிருந்த கண்ணாடி கிணுகிணுவென்று ஆடியது. குழந்தை முகத்தைச் சுளித்தது. தாளை மறுபடி செருகினாள்.

“எழுதிக் குடுத்துரலாம்னுதான் நினைக்கிறேங்க. அவரு இருந்தாலாச்சும் இல்லைன்னு சொல்லலாம். இப்ப எப்படிச் சொல்றது? ஆனா எழுதிக் குடுத்துட்டா நான் வருசம் பூரா இதுலதானுங்க கெடக்கணும்.”

“பொய் எழுத வேணாம்” என்றாள் மோகனப்பிரியா. “முன்னைக்கு எப்படி?”

“முன்னைக்கு எவ்வளவோ தேவலைங்க. அந்தக் கீச்சு கீச்சுன்னு தலைக்குள்ள ஏறுமே, அது இந்தப் புதுப் போர்டோடவே போயிருச்சு. அங்கிள் எங்க வாசல் கேட்டுக்கிட்ட வந்து நின்னு கேக்குறப்பெல்லாம் அதைத்தான் சொல்வேன். முக்கால்வாசி நின்னுருச்சு அங்கிள்னு. அவரு நம்பவே மாட்டாருங்க. ‘எனக்கோசரம் சொல்லாத பாப்பா, அப்பவும் அதேதான், இப்பவும் அதேதான், நான் கேக்கறேன்ல’ன்னுவாரு. என்னமோ போக்குச் சொல்றேன்னு நினைச்சாரு போல.”

மோகனப்பிரியா படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மானி கையில் ஓடிக்கொண்டிருந்தது.

பேரிரைச்சலில் வருடக்கணக்காக நிற்பவர்களுக்கு முதலில் போவது கீச்சு ஒலிகள். ச, ஷ எல்லாம் போய்விடும். பேச்சைக் காதால் பிடிக்க முடியாமல் வாயைப் பார்க்கத் தொடங்குவார்கள். போன் பிடிக்காது. அடியில் கிடக்கும் முனகல் மட்டும் கடைசி வரை கேட்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அவர் கட்டிய சுவர் எதையெல்லாம் நிறுத்தியதோ அதெல்லாம் அவருக்குக் கேட்டே பல வருடம் ஆகியிருந்தது. அது நிறுத்தாத ஒன்றைத்தான் அவரால் கேட்க முடிந்தது. போர்டு போடுவதற்கு முன்னும் பின்னும் அவருக்கு ஒரே சத்தம். சுவர் தோற்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டே போயிருக்கிறார்.

மில்லுக்குத் திரும்பி வந்து அப்பாவின் காதைப் பற்றி நாகம்மாவிடம் கேட்டாள். நாகம்மா மெஷினை நிறுத்தினாள். பெல்ட் சுற்றி ஓய்ந்ததும் சொன்னாள்.

“உனக்குத் தெரியாதா பாப்பா? அவருக்குக் காது போயி பத்து வருசமாவுது. வாயப் பாத்துத்தான் பேசுவாரு. சிக்னல் இல்லன்னு போன எங்கிட்ட தள்ளுவாரே, பின்ன இன்னாத்துக்கு?”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“பொண்டாட்டிக்குத் தெரியாம இருக்குமா? நீ காருக்கெல்லாம் காது வெச்சுக் கேக்கற. நைனாவுக்கு வெச்சுப் பாத்துருப்பன்னு நாங்க நெனச்சுகினு இருந்தோம்.”

நாகம்மா அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மாவு ஒட்டியிருந்த துணிப்பையை உதறினாள். மோகனப்பிரியா கிழக்குப் பக்கம் திரும்பினாள். சிமென்ட் போர்டில் நான்கு வரிசையாக நட்டுகள் தெரிந்தன. எண்ணினாள். இருபத்திநாலு. செங்கல்லில் கிளம்பிய ஒவ்வொரு போல்ட்டும் சல்லடையைக் கடந்து, போர்டையும் கடந்து வெளியே தலை நீட்டியிருந்தது. அங்கேயும் ஒரு நட்டுப் போட்டு முறுக்கியிருந்தார். மூன்று அடுக்கையும் அவை ஒன்றாகப் பிணைத்துவிட்டன. முனகலுக்குக் காற்றைக் கடக்க வேண்டிய வேலையே இல்லை. இரும்பைப் பிடித்துக்கொண்டு நேராக அந்தப் பக்கம் போகலாம். பதினாறு நாளும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போய் வந்தாள். பார்க்கவில்லை.

டப்பாவைக் காலால் தள்ளியது ஞாபகம் வந்தது.

*

மறுநாள் மில்லை ஓட்டவில்லை. மோகனப்பிரியாவும் நாகம்மாவும் சுவரைப் பிரித்தார்கள். ஸ்பேனர் வழுக்கியது. ஒரு நட்டுக்கூட அசையவில்லை.

“ரெண்டு தபா முறுக்குன கை” என்றாள் நாகம்மா. தன் முன்கைத் தழும்பை மறு கையால் தடவிக்கொண்டாள். “எனக்காவத்தான் இந்த முறுக்கு. சுவரு கழண்டு யாரு மேல வுழப்போவுது சொல்லு.”

ஆக்ஸா பிளேடு கொண்டுவந்து அறுத்தார்கள். இருபத்திநாலையும் அறுக்க மதியம் இரண்டு மணியானது. இடையில் அலுவலகத்திலிருந்து நான்கு முறை போன் வந்தது. மோகனப்பிரியா எடுக்கவில்லை. ஐந்தாம் முறை சாமுண்டீஸ்வரி அதை எடுத்துக் கோதுமை மாவு டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

முனையில் உள்ள சைக்கிள் கடையில் பழைய டியூப்புகள் வாங்கிவந்து வார் வாராக வெட்டினார்கள். கூரைக் கம்பியிலிருந்து அந்த வாரில் சல்லடைத் துண்டுகள் தொங்கின. விரலால் தொட்டால் ஆடின. கிளாஸ் வூல் கையை அரித்தது. போர்டை அதன் சட்டத்திலேயே மறுபடி பொருத்தி, போல்ட் போன துளைகளை அடைத்தார்கள். நாகம்மாவுக்கு நம்பிக்கை இல்லை.

“இப்டி லொடலொடன்னு தொங்குது. அண்ணாத்தே பாத்தா நம்மள உள்ள வுடுவாரா?”

“விடமாட்டாரு” என்றாள் மோகனப்பிரியா.

மெஷினை வெறுமனே ஓட்டிப் பார்த்தால் போதாது. பாரம் ஏறினால்தான் மோட்டார் முனகும். அரைக்க ஏதாவது வேண்டும். சாமுண்டீஸ்வரி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஆணியில் தொங்கிய துணிப்பையை எடுத்துவந்தாள். லாவண்யாவின் மல்லியும் மிளகாயும். ஒரு மாதமாக அங்கேயே கிடந்திருந்தது. முறத்தில் கொட்டிப் புடைத்து, வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்தாள்.

மோகனப்பிரியா தெருவைச் சுற்றிக்கொண்டு போய் லாவண்யா அறையில் நின்றாள். குழந்தை சுவரோரம் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. நாகம்மாவுக்குப் போன் செய்து “போடுங்க” என்றாள். கோதுமை மாவு படிந்த போன்.

இருவரும் காத்திருந்தார்கள்.

“இன்னும் போடலீங்களா?” என்று லாவண்யா கேட்டாள்.

மானியில் முனகல் இருந்த இடத்தில் கோடு தாழ்ந்து கிடந்தது. மோகனப்பிரியா தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். போனை மறுபடி காதில் வைத்தாள். அதற்குள் மெஷினின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. மிளகாய் அரைந்துகொண்டிருந்தது.

“ஓடுது” என்றாள்.

லாவண்யா அலமாரிக்குப் போய், இடுக்கிலிருந்த தாளைப் பிடுங்கினாள். கண்ணாடி ஆடவில்லை. கதவைத் தட்டிவிட்டாள். கொஞ்சம் ஆடி நின்றுவிட்டது. சுவரில் காதை வைத்தாள். “லேசா இருக்குதுங்க” என்றாள் நேர்மையாக. “மழை தூரத்துல பெய்யற மாதிரி. இது இருந்துட்டுப் போகட்டும்.”

பிடுங்கிய தாளையே பிரித்து, பின்பக்கத்தில் கடிதத்தை எழுத ஆரம்பித்தாள். பிறகு நல்ல தாள் வேண்டும் என்று உள்ளே போனாள்.

மோகனப்பிரியா அறை நடுவில் நின்றாள். லாவண்யாவுக்குக் கேட்ட அந்த மழை அப்பாவுக்குக் கேட்டிருக்காது. அவரால் கேட்க முடிந்த ஒரே சத்தம் இப்போது இங்கே இல்லை. வந்து நின்றிருந்தால் மில் ஓடவில்லை என்றே சொல்லியிருப்பார். கையைக் கவிழ்த்திருப்பார், போதும் என்று. அவள் மானியை அணைத்துப் பையில் போட்டாள்.

கடிதம் மூன்று வரி. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மில்லுக்குத் திரும்பினாள். சாமுண்டீஸ்வரி அதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாசலில் இரண்டு பேர் கோதுமை டப்பாவோடு வந்து நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்க்கப் போனாள்.

அரைத்த பொடியை நாகம்மா செய்தித்தாளில் பரப்பியிருந்தாள். சூடு ஆறாமல் மூடினால் கட்டி பிடித்துவிடும். நைசாக விழுந்திருந்தது. பக்கத்தில் கழுவித் துடைத்த ஓர் எவர்சில்வர் டப்பா திறந்திருந்தது. ஸ்விட்சுக்குப் பக்கத்தில் சிலேட்டில் மேலே இருந்த வரிகளெல்லாம் அடிக்கப்பட்டிருந்தன. கடைசி வரி அப்படியே இருந்தது.

“ஆறிடுச்சுன்னா டப்பால போட்டுரலாம்” என்றாள் நாகம்மா. “யாரு எடுத்துகினு போறது?”

நானே போவணும் என்று சிலேட்டில் இருந்தது. மோகனப்பிரியா பொடியில் விரலை வைத்துப் பார்த்தாள். இன்னும் சூடாக இருந்தது.